தலைக்கணக்கும் அடுப்புக்கணக்கும்

“தமிழ்நாட்டில் குழந்தை பிறப்பு குறைந்துவிட்டது, கொஞ்ச வருஷத்தில் மக்கள்தொகை ஏறுவதே நின்றுவிடும் என்கிறார்கள். ஆனால் எங்கே பார்த்தாலும் ஊர்கள் வீங்கிக்கொண்டேதான் போகின்றன. ஆள் கூடாமல் ஊர் எப்படிக் கூடும்? இனிமேல் மனை விலை, வீட்டு விலை இறங்குமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குப் பதில் அடுப்பில் இருக்கிறது. விளக்கமாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் அவிநாசிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் 32 வருஷம் ஆசிரியராக இருந்தவன். 2001லும் 2011லும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனேன். பயிற்சி வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, குடும்பம் என்றால் என்ன என்பதைத்தான். ரத்த உறவைப் பார்க்காதே, கூரையையும் பார்க்காதே, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்றார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தாலும் உலை இரண்டாக வைத்தால் இரண்டு குடும்பம். சொந்தமே இல்லாத நாலு பேர் ஒரே அறையில் சேர்ந்து பொங்கித் தின்றால் ஒரு குடும்பம். அப்போது இது ஏதோ படிவத்துக்கான விதி என்றுதான் நினைத்தேன். பத்து வருஷம் கழித்து அதே பகுதிக்கு மறுபடி போனபோதுதான் அதன் அர்த்தம் புரிந்தது.

அங்கே ஒரு ஓட்டு வீடு. 2001ல் நான் போனபோது தாத்தா, ஆத்தா, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், மூன்று பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். ஒன்பது தலை, ஒரு அடுப்பு. வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை. 2011ல் தாத்தா இல்லை. மூத்த பேத்தியைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மிச்சம் ஏழு பேர். ஆனால் மூத்தவர் முன்பக்கம் தார்சு வீடு (கான்கிரீட் கூரை வீடு) கட்டித் தனியாகப் போய்விட்டார், இளையவர் பழைய வீட்டில் இருந்தார், ஆத்தா திண்ணையை ஒட்டிய அறையில் தனக்கு மட்டும் சமைத்துக்கொண்டிருந்தார். ஏழு தலைக்கு மூன்று அடுப்பு. கொட்டகை இருந்த இடத்தில் ஆறு லைன் வீடுகள், அதாவது வரிசையாகக் கட்டிய சின்னச் சின்ன வாடகை வீடுகள். ஒன்றில் தேனிக் குடும்பம், ஒன்றில் புதுக்கோட்டைக் குடும்பம், மற்றவற்றில் ஒடிசா, பீகார்ப் பையன்கள். சொந்த வீட்டு ஆள் குறைந்துபோன அதே மனையில் ஒன்பது அடுப்பு எரிந்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் முழுவதும் அந்த ஒரு மனைக்குள் இருக்கிறது.

சரி, இது ஒரு வீட்டுக் கதைதானே என்று கேட்கலாம். மாநிலக் கணக்கைப் பாருங்கள். 2001ல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6.24 கோடி, 2011ல் 7.21 கோடி. பத்து வருஷத்தில் கூடியவர்கள் 97 லட்சம் பேர், 15.6 சதவீதம். அதே பத்து வருஷத்தில் குடும்பங்கள் சுமார் 1.42 கோடியிலிருந்து 1.85 கோடியாயின. 43 லட்சம் புது அடுப்புகள், 30 சதவீத உயர்வு. வகுத்தால் ஒரு புது அடுப்புக்கு இரண்டேகால் புதுத் தலைதான் வருகிறது. குடும்பத்தின் சராசரி அளவு 4.4இலிருந்து 3.9 ஆகிவிட்டது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேல் ரேஷன் கார்டுகள் இருக்கின்றன. பொங்கல் பரிசுக்கும் உதவித்தொகைக்கும் கார்டைப் பிரித்தவர்கள் உண்டு என்பது எனக்கும் தெரியும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் குடும்பம் சிறுத்துக்கொண்டே போவது மாறாது.

வீடு தேவைப்படுவது அடுப்புக்குத்தான். கரண்ட் மீட்டர், கேஸ் இணைப்பு, கக்கூஸ், செப்டிக் டேங்க், தண்ணீர் மோட்டார், வாசலில் வண்டி நிறுத்த இடம் எல்லாம் அடுப்புக் கணக்கில்தான் கூடும். ஒன்பது பேர் வீட்டுக்கும் ஒரு ஃபிரிட்ஜ், இரண்டு பேர் வீட்டுக்கும் ஒரு ஃபிரிட்ஜ். ஆகவே தலை கூடாவிட்டாலும் ஊர் கூடும். நாளைக்கே பிறப்பும் இறப்பும் சமமாகி மக்கள்தொகை அப்படியே நின்றாலும், பத்திருபது வருஷத்துக்குச் செங்கல்லும் ஜல்லியும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

இனி, பிறப்பு ஏன் குறைந்தது என்பதைப் பார்ப்போம். இதை அரசு விளம்பரத்தின் வெற்றி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான். மதராஸ் அரசு 1950களிலேயே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சைக்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது உண்மை. 1951 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ. கோபாலசுவாமி பின்னால் இங்கே தலைமைச் செயலாளராக வந்தார், அவருக்கு இதில் பெரிய அக்கறை. அதற்கும் முன்னால், 1930களிலேயே, பெரியார் கருத்தடை பற்றி மேடையிலும் ஏட்டிலும் பேசிவிட்டார். அவர் பேசியது நாட்டின் ஜனத்தொகை பற்றி அல்ல. பிள்ளைப்பேறே பெண்ணின் வாழ்க்கையை விழுங்கிவிடுகிறது, பெண் விடுதலை பெற அதிலிருந்து விடுபட வேண்டும் என்பதுதான் அவர் வாதம். அந்தக் காலத்தில் அதைப் பொதுவில் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் என் கண்ணால் பார்த்த காரணம் வேறு. பிறந்த குழந்தை சாகாது என்ற நம்பிக்கை வந்தது. 1971ல் இங்கே ஆயிரம் குழந்தை பிறந்தால் 113 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020ல் அது 13. நாலு பெற்றால் இரண்டு தங்கும் என்று கணக்குப் போட்ட வீட்டில், இரண்டு பெற்றால் இரண்டும் தங்கும் என்ற தைரியம் வந்த பிறகு மூன்றாவதற்கு அவசியம் இல்லாமல் போனது. கூடவே காமராஜர் காலத்து மதிய உணவு, 1982ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, எட்டும் தூரத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளி, அதற்குப் போக ஒரு டவுன் பஸ். பெண் பிள்ளை பத்தாவது வரை படித்தாள். படித்தவளுக்குக் கல்யாணம் தள்ளிப்போனது. கல்யாணம் ஆனதும் எத்தனை பிள்ளை என்பதில் அவளும் வாய் திறந்தாள். 1992-93ல் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.5 குழந்தை என்றது. 1998-99ல் அது 2.2 ஆனது. 2019-21ல் 1.8. மாதிரிப் பதிவு முறை என்று, சில ஊர்களை மாதிரியாக எடுத்துப் பிறப்பு இறப்பைப் பதிகிற வேறொரு அரசுக் கணக்கு உண்டு. அதன் 2020ஆம் வருஷ எண் இன்னும் குறைவு, 1.4. ஒரு தலைமுறைக்கு அடுத்த தலைமுறை ஈடாக வேண்டுமானால் 2.1 வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் சிவப்பு முக்கோணமும், ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ வாசகமும். இன்றைக்கு எந்த மாவட்டத் தலைநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் கண்ணில் முதலில் படுகிற பெரிய போர்டுகளில் ஒன்று கருத்தரிப்பு மையம். ஒரே ஆயுளில் இரண்டையும் பார்த்துவிட்டேன்.

இதில் மறைக்கக் கூடாத ஒரு பக்கம் இருக்கிறது. ஒன்றோ இரண்டோ போதும் என்று முடிவு செய்த வீடுகளில், அதில் ஒன்றாவது ஆணாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் சேர்ந்துகொண்டபோது பெண் குழந்தைகள் செத்தன. உசிலம்பட்டி என்ற ஊர்ப் பெயரே 1980களில் இந்தியா முழுக்க அதற்காகத்தான் தெரிந்தது. வேண்டாம் என்கிற பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் சேலத்தில் வந்ததும் இதனால்தான். பிறகு ஸ்கேன் வந்தது, பெண் என்று தெரிந்தால் கருவிலேயே கலைத்தார்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991ல் 948 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2001ல் 942, 2011ல் 943. குடும்பம் சிறுத்ததைப் பெருமையாகப் பேசும் ஒவ்வொரு மேடையிலும் இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம். அன்றைக்குப் பிறக்காமல் போன பெண்களின் வெற்றிடம் இன்றைக்குக் கல்யாணச் சந்தையில் தெரிகிறது. கொங்குப் பகுதியில் முப்பத்தைந்து வயது தாண்டிய மாப்பிள்ளைகள் பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பெண் கட்டி வருவது இப்போது யாருக்கும் செய்தியே இல்லை.

பிறப்பு குறையும்போது முதலில் ஒரு நல்ல காலம் வரும். சோறு போட வேண்டிய சின்னப் பிள்ளைகள் குறைவு, வயதானவர்களும் இன்னும் அதிகமில்லை, நடுவில் உழைக்கிற வயதுக்காரர்கள் கூட்டமாக இருப்பார்கள். 1970களிலும் 80களிலும் பிறந்தவர்கள் வேலைக்கு வந்த அந்த இருபத்தைந்து வருஷம்தான் திருப்பூரை, ஓசூரை, ஸ்ரீபெரும்புதூரைக் கட்டியது. இரண்டே பிள்ளையோடு நிறுத்திய பெண் முப்பது வயதில் மறுபடி வேலைக்கு வர முடிந்தது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருப்பது இதனால்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பேட்டையில் 18,720 பெண்கள் தங்குகிற விடுதியை 2024ல் திறந்தார்கள். ஒரு நடுத்தரப் பேரூராட்சி அளவு மக்கள், எல்லோரும் இளம்பெண்கள், ஒரு குழந்தையோ கிழவியோ இல்லாத ஊர். உலகத்தில் ஊர் என்று நாம் இதுவரை சொன்னது எதுவும் இப்படி இருந்ததில்லை.

திருப்பூரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், எனக்குப் பக்கத்தில் இருந்து தெரிந்த ஊர். 1980களில் பனியன் ஏற்றுமதி சூடுபிடித்தபோது முதலில் வந்தவர்கள் மதுரை, தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம், புதுக்கோட்டைக்காரர்கள். மானாவாரி பொய்த்த ஊர்களிலிருந்து குடும்பத்தோடு வந்தார்கள். புருஷன் கட்டிங், பெண்டாட்டி செக்கிங், பையன் தையலுக்கு உதவியாகக் கை மடி. திருப்பூரில் சம்பளம் நாள் கணக்கில் பேசமாட்டார்கள், ஷிப்ட் கணக்குத்தான். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், ராத்திரி எட்டு மணி தாண்டினால் ஒன்றரை. அப்படி ஒன்றரை ஷிப்ட் பார்த்தே சொந்த ஊரில் மச்சு வீடு கட்டியவர்களை எனக்குத் தெரியும். மாவட்டத்தின் மக்கள்தொகை 2001க்கும் 2011க்கும் நடுவில் 29 சதவீதம் ஏறியது. மாநகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்த நகரப் பகுதி ஐந்தரை லட்சத்திலிருந்து ஒன்பதரை லட்சத்தைத் தாண்டியது. எல்லை விரிந்ததும் அதில் அடக்கம்.

ஆள் வந்த வேகத்துக்குக் குழாய் வரவில்லை. லைன் வீட்டில் போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் எப்போதாவது ஒரு நாள். ஆறு வீட்டுக்கு இரண்டு கக்கூஸ். அது நிரம்பினால் செப்டிக் டேங்க் லாரி. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் போய், 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயம் பாழானது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த மாதங்களில் எங்கள் வகுப்பிலேயே பிள்ளைகள் குறைந்தார்கள். சாயம் நின்றால் பனியன் நிற்கும், பனியன் நின்றால் குடும்பம் மூட்டை கட்டும். வேலையால் மட்டுமே கட்டிய ஊர் அவ்வளவு லேசானது.

அப்புறம் ஒரு மாற்றம் வந்தது. தென்மாவட்டத்து ஆட்கள் வருவது மெல்லக் குறைந்தது. அங்கேயும் பிள்ளை இரண்டுதான், இரண்டும் டிப்ளமோ, இன்ஜினியரிங் என்று போய்விட்டன. அந்த இடத்துக்குப் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அஸ்ஸாம், வங்காளத்துப் பையன்கள் வந்தார்கள். தன்பாத் எக்ஸ்பிரஸ் வரும் நேரம் திருப்பூர் ஸ்டேஷனில் நின்று பார்த்தால் இது மக்கள்தொகைப் பாடம் என்பது புரியும். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் பீகாரில் ஒரு பெண்ணுக்கு 3.0 குழந்தை, இங்கே 1.8. ஆள் இருக்கும் இடத்திலிருந்து வேலை இருக்கும் இடத்துக்கு ரயில் ஓடுகிறது. தொழிலாளர் துறைக்காகச் சில வருஷங்களுக்கு முன் எடுத்த கணக்கிலேயே வெளிமாநிலத் தொழிலாளர் பத்து லட்சத்துக்கு மேல். அவர்கள் நம் வேலையைப் பறிக்கிறார்கள் என்று பேசுகிறவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: அந்த வேலைக்கு உங்கள் தெருவில் இன்றைக்கு எத்தனை பையன் இருக்கிறான்? 2023 மார்ச்சில், இங்கே வடமாநிலத்தவரைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்து ஊருக்குக் கிளம்பியவர்கள் நிறைய. அதிகாரிகளும் முதலாளிகளும் இந்தியில் பேசித் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் இல்லாவிட்டால் ஊர் நின்றுபோகும் என்பது அந்தச் சில நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

1987ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆறாம் வகுப்பில் இரண்டு பிரிவு, ஒவ்வொன்றிலும் ஐம்பதுக்கு மேல். 2019ல் ஓய்வு பெற்றபோது ஒரே பிரிவு, 31 பிள்ளைகள். பாதி இடம் தனியார் பள்ளிக்குப் போனது, மீதி பிறக்கவே இல்லை. அந்த 31 பேரில் ஆறு பேர் வீட்டில் ஒடியாவோ இந்தியோ பேசுகிறவர்கள். அதில் ஒரு பெண் குழந்தை திருக்குறள் ஒப்பித்தலில் வட்டார அளவில் பரிசு வாங்கினாள். ‘ழ’வை அவ்வளவு சுத்தமாகச் சொல்கிற பிள்ளை அந்த வகுப்பில் வேறு யாரும் இல்லை. அதே 2019ல்தான், ஒரு மாணவர்கூட இல்லாத நாற்பதுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளை நூலகமாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. வந்தவர்களின் பிள்ளைகளை மனசார நம் பள்ளியில் சேர்த்துக்கொண்டால் இன்னும் பல பள்ளிகள் பிழைக்கும்.

ஒரு ஊர் வீங்கும்போது இன்னொரு ஊர் வற்றும். 2001-2011ல் காஞ்சிபுரம் மாவட்டம் 39 சதவீதம் வளர்ந்தது, தஞ்சாவூர் 8.6 சதவீதம்தான் வளர்ந்தது, நீலகிரியோ 3.5 சதவீதம் சுருங்கியது. நீலகிரியின் கதை தனிச் சோகம். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களை அங்கே தேயிலைக்குக் குடியேற்றினார்கள். தேயிலை விலை விழுந்தபோது அவர்கள் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கினார்கள். மூன்று தலைமுறைக்குள் இரண்டு தடவை மலை ஏறி இறங்கிய ஜனம். திருப்பூர் லைன் வீடுகளில் அவர்களையும் நான் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

வற்றிய ஊர்களில் மிஞ்சுவது வயதானவர்கள். 2011 பிப்ரவரியில் ஒரு வீட்டில் ஒரு ஆத்தா எனக்குக் காபி கொடுத்துவிட்டு, “மூணு பேர் எழுதிக்கங்க வாத்தியாரே” என்றார். ஒரு மகன் பெங்களூரு, ஒருவர் சிங்கப்பூர். விதி என்னவென்றால், 9ஆம் தேதி முதல் 28 வரை கணக்கெடுப்பு நாள் முழுவதும் வெளியில் இருப்பவரை அந்த வீட்டில் எழுதக் கூடாது. “பசங்க அங்கங்கே இருக்கற ஊர்லதான் ஆத்தா எழுதுவாங்க, இங்க நீங்க மட்டும்தான்” என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “அப்ப நான் ஒண்டிதான்னு கவர்மெண்டே எழுதிருச்சா” என்றார். அந்த வீட்டு எண்ணை இன்னும் நான் மறக்கவில்லை.

2011ல் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல். 2021ல் 13.6 ஆகியிருக்கும், 2031ல் 18.2 ஆகும் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. ஐந்துக்கு ஒருவர் என்ற இடத்தை நெருங்கிவிடுகிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இந்த நிலைமையைப் புரிந்துகொண்டு செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று அது. ஆனால் நம் ஊர்களைப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்குப் பஸ் படிக்கட்டு, நடைபாதையில் வண்டி, லிப்ட் இல்லாத மூன்று மாடி வீடு, வங்கி முதல் மாடியில். எல்லாம் இருபது வயதுக்காரனுக்காகக் கட்டியது. அந்த இருபது வயதுக்காரன் கிழவனாகிக்கொண்டிருக்கிறான், கட்டடம் அப்படியே இருக்கிறது.

நகரம் வளர்வது என்றால் நடு ஊர் நெருக்கமாவது என்று நினைக்கிறோம். பழைய சென்னை மாநகர எல்லைக்குள் 2001ல் 43 லட்சம், 2011ல் 46 லட்சம் பேர், சுமார் 7 சதவீத வளர்ச்சிதான். வளர்ச்சி முழுக்க விளிம்பில், காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில். 2011ல் மாநகராட்சியை 426 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். அப்போதும் போதவில்லை. பெருநகரப் பகுதியை 1,189இலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக ஆக்கி 2022ல் அறிவிப்பு வந்தது. ஊர் முன்னால் ஓடுகிறது, எல்லைக்கோடு பின்னால் துரத்துகிறது. அந்த இடைவெளியில் இருப்பவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். கணக்கெடுப்பில் ‘கணக்கெடுப்பு நகரம்’ என்று ஒரு வகை உண்டு. ஐயாயிரம் பேருக்கு மேல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் நெருக்கம், ஆண் தொழிலாளரில் முக்கால்வாசி விவசாயம் அல்லாத வேலை. இப்படி இருந்தால் அது நகரம், ஆனால் நிர்வாகத்தில் இன்னும் கிராம ஊராட்சி. 2001ல் தமிழ்நாட்டில் இவை 111, 2011ல் 376. நகரத்துக் குப்பை, நகரத்துச் சாக்கடை, ஊராட்சிப் பணம். மனைப்பிரிவு போடுகிறவர் சாலைக்கு இடம் விடாமல் விற்றுவிட்டுப் போவார். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தலையிட்டு அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவை நிறுத்தும்வரை இது தடையில்லாமல் நடந்தது. அப்படி விற்ற மனைகளில் இன்றும் ஆம்புலன்ஸ் திரும்ப முடியாது.

இப்போது அரசியல்வாதிகள் அதிகம் பிள்ளை பெறச் சொல்கிறார்கள். 2024 அக்டோபரில் ஒரு திருமண விழாவில் முதல்வர் ஸ்டாலின் ‘பதினாறும் பெற்று’ வாழ்த்தை நினைவுபடுத்திப் பேசினார். அந்தப் பதினாறு செல்வங்களின் கணக்கு, பிள்ளைக் கணக்கல்ல என்பது அவருக்கும் தெரியும், அதையும் சொன்னார். அவர் கவலை மக்கள்தொகைப்படி பங்கிடும் மக்களவை இடங்கள் பற்றியது, அது நியாயமான கவலை. 1962 தேர்தலில் நமக்கு 41 இடம் இருந்தது. 1961 கணக்கெடுப்புக்குப் பிறகு 39 ஆனது. 1971 கணக்கோடு இடப் பங்கீட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 2026க்குப் பிறகு எடுக்கும் கணக்கெடுப்பு வந்தால் அந்தப் பூட்டு திறக்கும். சொன்னபடி குடும்பத்தைச் சிறிதாக்கிய மாநிலத்தைத் தண்டிப்பது அநியாயம், அதை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் அதற்குப் பதிலாகப் பெண்களைப் பார்த்து இன்னும் பெற்றுக்கொடு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்றைக்குப் பிறக்கும் குழந்தை வேலைக்கு வர இருபது வருஷம் ஆகும். தனியாக உலை வைக்கிற ஆத்தா இன்றைக்கு இருக்கிறார். ஓய்வூதியம், பார்த்துக்கொள்ள ஆள், வந்து வேலை செய்கிறவனுக்கு மரியாதையான வீடு, ஊராட்சிக்குப் பணம் என இவற்றுக்கு எந்தக் குழந்தையும் பிறக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் கடைசிக் கேள்வி, விலை. ஒரே பதில் கிடையாது, ஊருக்கு ஊர் மாறும். ஜப்பானில் மக்கள்தொகை 2008ல் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியது. 2023ல் அங்கே 90 லட்சம் வீடுகள் காலி. ஆனால் டோக்கியோவில் வீட்டு விலை விழவில்லை. காலியானது தூரத்துச் சிற்றூர்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், கேரளத்தில் பத்தனம்திட்டா மாவட்டம் 2011லேயே சுருங்கிவிட்டது. பெரிய பெரிய வீடுகள், உள்ளே யாருமில்லை. இங்கேயும் வேலை இருக்கிற ஊரின் விளிம்பில், இன்னும் ஒரு பத்து இருபது வருஷத்துக்கு அடுப்பு கூடும், விலை நிற்கும். அதற்கு அப்பால், தண்ணீரும் பஸ்ஸும் இல்லாத இடத்தில் ‘நாளைக்கு ஏறும்’ என்று மனை வாங்கிப்போட்டால், நாளைக்கு அதை வாங்க வேண்டிய பிள்ளை பிறக்கவே இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

நான் பிறந்தது பட்டுக்கோட்டைப் பக்கம். எங்கள் தெருவில் பதினெட்டு வீடு, ஏழு பூட்டிக் கிடக்கிறது. எங்கள் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுச் சித்தியிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு மட்டும் ஏற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். யாராவது குடிவந்தால் வாடகைகூட வேண்டாம் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆள் வரவில்லை. அவிநாசியில் என் வீட்டுக்கு எதிரே உள்ள லைன் வீட்டில் போன மாசம் ஒரு அறை காலியானது. சாயங்காலத்துக்குள் மூன்று பேர் முன்பணத்தோடு வந்து நின்றார்கள்.